கருங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் புள்ளடியும்

எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டுப் பையன் இவ்வாண்டுதான் முதன்முதலாக வாக்காளர் இடாப்பில் இடம்பெற்றவன். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் சென்ற ஞாயிறு மாலை தகப்பனாரோடு பெரும் வாக்குவாதம் நடத்திவிட்டு, முகம் சிவக்க என் திண்ணையில் வந்து அமர்ந்தான்.

"மாமா, நான் இடதுசாரி. அப்பா வலதுசாரி. நான் யோசித்து முடிவு செய்தவன். அவர் தம் தகப்பனார் எந்தப் பக்கம் புள்ளடி போட்டாரோ அந்தப் பக்கமே யோசியாமற் போடுகிறவர். வித்தியாசம் அவ்வளவுதான்" என்றான்.

"நல்லது தம்பி. உன்னை யோசிக்கச் செய்தவர் யார்?" என்று கேட்டேன்.

"எங்கள் விடுதி அறையில் இருக்கும் மூத்த மாணவர் ஒருவர்..." என்று தொடங்கியவன், பாதியில் தானே நிறுத்திக்கொண்டு சிரித்துவிட்டான்.

ஒரு மனிதன் இடப்பக்கம் சாய்வதும் வலப்பக்கம் சாய்வதும் எதனால்? அறிவினாலா, வயிற்றினாலா, பெற்றோராலா, பிறந்த மண்ணினாலா? தேர்தற் காலத்தில் இதைப் பற்றிப் பேசினால் சண்டையிலேதான் முடியும். தேர்தல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையே இதற்கு உகந்த நாள்.

இடம், வலம் என்னும் இவ்விரு சொற்களும் ஆசனப் பங்கீட்டிலே பிறந்தவை என்பதை மாணவர் பலர் அறிவர். 1789ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் வெர்சாய் நகரிற் கூடிய தேசிய சபையிலே, சபை இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் மன்னனுக்கு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் எழுந்தது. வேண்டும் என்றவர்கள் சபைத் தலைவரின் வலப்பக்கத்திலும், வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கத்திலும் போய் அமர்ந்தனர். அன்றுமுதல் மரபும் சொத்தும் சமய பீடமும் நிலைபெறல் வேண்டும் என்போர் வலத்தார் எனவும், அவற்றை மாற்றி அமைத்து யாவர்க்கும் பங்கிடல் வேண்டும் என்போர் இடத்தார் எனவும் பெயர் பெறலாயினர்.

சொல் பிறந்த நாட்டிலேயே அதன் காரணத்தைத் தேடிய ஒருவரும் தோன்றினார். அவர் பெயர் அந்திரே சீக்பிரிட். அரசியல்வாதி ஒருவரின் மகன். தாமும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அபேட்சகராக நின்று தோற்றவர். தோற்றவர்கள் பெரும்பாலும் மக்களின் நன்றிகெட்ட தன்மையைப் பற்றிப் பேசிக் காலங்கழிப்பர். இவரோ ஏன் மக்கள் இவ்வாறு வாக்களிக்கின்றனர் என்று ஆராயத் தொடங்கினார். பிரான்சின் மேற்குப் பகுதியைத் தேர்ந்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் தேர்தல் முடிவுகளை ஊர் ஊராகப் படத்திற் குறித்து, 1913இல் ஒரு பெருநூலை வெளியிட்டார்.

அப்படத்திலே ஒரு விந்தை தெரிந்தது. வாந்தே என்னும் மாவட்டத்தில், நிலத்தின் அடியில் கருங்கல் இருக்கும் பகுதி வலதுசாரிகளுக்கே வாக்களித்து வந்தது. சுண்ணாம்புக்கல் இருக்கும் தென்புறச் சமவெளியோ இடதுசாரிகளுக்கு வாக்களித்தது. கல்லுக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் நகைக்கலாம். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லின்மேற் பிறந்து, கிணற்று நீரிலே வளர்ந்த நமக்கு அது சற்று எளிதில் விளங்கும்.

கருங்கல் நிலத்தில் மழைநீர் கீழே இறங்காது. எங்கு பார்த்தாலும் ஊற்றும் ஓடையுமாக இருக்கும். ஆகவே குடியானவன் எங்கு வேண்டுமாயினும் வீடு கட்டலாம். வீடுகள் தனித்தனியாக, உயர்ந்த வேலிகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். அயலவனைக் காண்பது ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலேதான். அங்கே பேசுபவர் குருவானவர். நிலமோ பெரும் பிரபுக்களுக்கு உரியது. குடியானவன் வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுபவன். எசமானுக்கு மாறாக நடந்தால் அடுத்த ஆண்டு குத்தகை இல்லை. சுண்ணாம்புக்கல் நிலத்திலோ நீர் ஆழத்துக்குப் போய்விடும். கிணறு உள்ள இடத்திலேதான் வீடு. ஆகையால் மக்கள் நெருங்கிய கிராமங்களாகக் கூடி வாழ்ந்தனர். கிணற்றடியிலும் மதுச்சாலையிலும் கூடிப் பேசினர். சிறு துண்டு நிலமேனும் தமக்கெனச் சொந்தமாக வைத்திருந்தனர். அங்கே எசமானின் நிழலும் குருவானவரின் சொல்லும் அத்துணை தூரம் எட்டவில்லை.

ஆகக் கல் வாக்களிக்கவில்லை. கல் நீரை வைத்தது. நீர் வீட்டை வைத்தது. வீடு யாரிடம் தங்கி வாழ்கிறோம், யாரோடு பேசுகிறோம் என்பதை வைத்தது. சீக்பிரிட்டின் நூலைக் கேள்வியால் மட்டும் அறிந்தவர்கள் 'கருங்கல் வலம், சுண்ணாம்பு இடம்' என்ற விடுகதையோடு நின்றுவிடுவர். நிலம் யாருடையது, குடிகள் நெருங்கி வாழ்கின்றனரா, சமய பீடத்தின் கை எவ்வளவு நீளம் என்பனவே அவர் சொன்ன காரணங்கள்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. அதனைக் கண்டவர் போல் புவா என்னும் சரித்திர ஆசிரியர். சார்த் என்னும் அயல் மாவட்டத்தை ஆராய்ந்து 1960இல் அவர் வெளியிட்ட நூலிலே, காரணம் நிலத்தில் மாத்திரம் இல்லை, ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது என்று காட்டினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபையின் நிலங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. மாவட்டத்தின் மேற்குப் புறத்தில் ஓரளவு வசதியுடைய உழவர், அந்நிலங்கள் தமக்குக் கிட்டும் என்று காத்திருந்தனர். பட்டணத்துப் பணக்காரர் வந்து அவற்றை வாங்கிக்கொண்டனர். கிழக்குப் புறத்தில் இருந்த நெசவாளரோ வறியவர். ஆயினும் பட்டணத்தோடு கொடுக்கல் வாங்கல் உடையவர். பட்டணத்தார் கொண்டுவந்த புரட்சிக் கொள்கை அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. மேற்கு வலமாயிற்று, கிழக்கு இடமாயிற்று. நிலம் விற்ற கதையை மறந்த பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், அந்தந்தப் பக்கத்திலேயே வாக்களித்துக்கொண்டிருந்தனர்!

வசதியுள்ளவன் வலம், வறியவன் இடம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வறுமை மாத்திரம் ஒருவனை இடப்பக்கம் சாய்க்குமாயின், நம் இலங்கையில் இடதுசாரிக் கட்சிகள் என்றோ நாடு முழுவதையும் வென்றிருக்கும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். மக்கள் தெரிந்தனுப்பிய 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 42 பெற்றது. லங்கா சமசமாசக் கட்சி 10, அதனின்று பிரிந்த போல்ஷெவிக் லெனினியக் கட்சி 5, கம்யூனிஸ்ட் கட்சி 3. இந்தப் பதினெட்டும் பெரும்பாலும் எங்கே கிடைத்தன? கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் கரையோரத்திலும், களனி ஆற்றை ஒட்டிய இறப்பர் நாட்டிலுமே. புகையிரதம், துறைமுகம், தொழிற்சாலை, அச்சுக்கூடம், தொழிற்சங்கம் யாவும் அங்கே அண்மையில் இருந்தன. கண்டி நாட்டுக் கிராமத்துக் குடியானவன் இக்கரையோரத்தானைவிடச் செல்வன் அல்லன். பல இடங்களில் மேலும் வறியவன். ஆனால் அவன் வளவ்வைக்கும் விகாரைக்கும் உரிய வயலை உழுதவன். வாந்தே மாவட்டத்துக் கருங்கற் குடியானவனுக்கு அவன் ஒருவகையில் உறவுமுறை எனலாம்.

ஆயினும் அதே மலைச்சரிவு நாட்டில் உறுவன்வெல்லை இருந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் முதல் அரசாங்க சபை தெரியப்பட்டபோது, அத்தொகுதிக்குப் பிரதிநிதியானவர் மீதெனிய அதிகாரம். கண்டிப் பிரபுக்களுள் முதன்மையானவர். அவர் அவ்வாண்டிலேயே காலமாக, அவருடைய மகள் அடலின் மொலமுறை அம்மையார் இடைத்தேர்தலில் வென்று, சட்டசபையில் அமர்ந்த முதற் பெண்மணி என்ற பெயரும் பெற்றார். தந்தைக்குப் பின் மகள். வயலைப் போலவே ஆசனமும் குடும்பச் சொத்து. ஐந்தே ஆண்டுகளில், 1936இல், அந்த ஆசனம் இலண்டனிற் படித்து வந்த என்.எம். பெரேரா என்னும் இளைஞர் கைக்குப் போயிற்று. கட்சி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மார்க்சின் நூலை உறுவன்வெல்லைக் குடியானவன் படித்துவிட்டானா?

இல்லை. இடையிலே மலேரியா வந்தது. 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றன. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. மழைநாட்டு மக்களுக்கு இந்நோய் பழக்கமில்லாதது, உடம்பில் எதிர்ப்பில்லை. கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் வீடு வீடாகப் படுத்தனர். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பது சரித்திரம். அந்த வேளையில் சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குள் நுழைந்தனர். நோயால் நலிந்தவர்களுக்குப் பருப்புப் பங்கிட்ட பெரேராவை அவ்வூரார் 'பரிப்பு மாத்தயா' என்றே அழைத்தனர். அவர்கள் புள்ளடி போட்டது கொள்கைக்கு அன்று. படலையைத் திறந்துகொண்டு வந்தவருக்கு. கொள்கை பின்னர் வந்து சேர்ந்துகொண்டது. உறுவன்வெல்லையும், தொகுதிகள் மாற்றப்பட்ட பின் அயலிலுள்ள எட்டியாந்தோட்டையும், 1977 வரையிலே அவரைக் கைவிடவில்லை. தகப்பன் பருப்பு வாங்கியதை மறந்த மகனும் அவருக்கே போட்டான்.

தலைவர்களுக்கும் இவ்விதி பொருந்தும் போலும். இடதுசாரித் தலைவர்கள் பெரும்பாலும் செல்வக் குடியிற் பிறந்தவர்கள். வயிற்றைக் கேட்டிருந்தால் அவர்கள் வலப்பக்கமே நின்றிருக்க வேண்டும். பிலிப் குணவர்த்தனாவின் தகப்பனார் பொரலுகொடை இறாலகாமி, 1915ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் கீழ் ஆங்கில அரசினராற் சிறையில் அடைக்கப்பட்டவர். அப்போது பிலிப் பள்ளிச் சிறுவன். பின்னர் அவர் அமெரிக்காவிலும் இலண்டனிலும் படித்த நூல்கள் எத்தனையோ. முதல் நூல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வீடு எவ்வளவு கற்பிக்கிறது என்பதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1965இல் அமெரிக்காவில் உயர்தரப் பாடசாலைகளின் இறுதி வகுப்பு மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் தனித்தனியே வினவி ஒப்பிட்டார்கள். பெற்றோரின் கட்சி பிள்ளைகளிடம் பெருமளவு இறங்கியிருந்தது. ஆனால் இன்ன சட்டம் நன்றா தீதா என்ற அபிப்பிராயங்களோ அத்துணை இறங்கவில்லை. இது மிகவும் சிந்திக்கத்தக்கது. பக்கம் பிள்ளைக்கு வருகிறது, காரணம் வருவதில்லை. அயல்வீட்டுத் தகப்பனாரும் மகனும் அன்று சண்டையிட்டுக் களைத்ததன் இரகசியமும் இதுவே என்று நினைக்கிறேன். காரணம் தெரியாத பக்கத்தைத்தான் மனிதன் உரத்த குரலிற் காப்பாற்றுகிறான். இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு, அரசியற் சாய்விலும் பிறவிக் கூறு ஒன்று உண்டென்று 2005இல் எழுதியோரும் உளர். இருக்கலாம். ஆனால் 1970இல் சமசமாசிகள் 19 ஆசனமும் கம்யூனிஸ்டுகள் 6 ஆசனமும் பெற்ற நாட்டில், 1977இல் இரு கட்சிக்கும் ஓர் ஆசனமும் இல்லாமற் போனமைக்கு இரத்தத்தைக் காரணம் காட்ட முடியாது. ஏழாண்டில் இரத்தம் மாறுவதில்லை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். இது சற்று வேதனையான பகுதி.

மலையகத் தோட்டத் தொழிலாளர் 1947இல் வாக்களித்தனர். தமக்கெனப் பிரதிநிதிகளைத் தெரிந்ததோடு, தாம் சிறுதொகையாக வாழ்ந்த வேறு தொகுதிகளில் இடதுசாரி அபேட்சகர்களுக்கும் கைகொடுத்தனர். மறு ஆண்டு, 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுட் பெரும்பாலார் வாக்குச்சாவடிப் பக்கமே போக முடியவில்லை. பிரசாவுரிமைச் சட்டத்தைச் சபையில் எதிர்த்தவர்களுள் இடதுசாரிகளும் அடங்குவர். ஒரு நாட்டின் இடது வலது எவ்வளவு என்று கணக்கிடுகிறவர்கள், யாரை எண்ணாமல் விட்டார்கள் என்பதையும் கேட்டல் வேண்டும். எஞ்சியிருந்த நாடற்றோர் யாவருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். அதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது.

வடக்கிலே கதை வேறு. 1953இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது, ஆகத்து 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் பதவி துறந்தார். அரிசி விலைக்குச் சிங்களம், தமிழ் என்ற பேதம் இல்லை. 1956இல் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பொன். கந்தையாவைத் தெரிந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. யாழ்ப்பாணத்தில் இடதுசாரிக் கருத்துப் பரவியதற்குப் பாடசாலைகளே பெருங்காரணம். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்த கார்த்திகேசன் ஆசிரியரைப் போன்றோரிடம் படித்தவர்கள், பாடத்தோடு வேறொன்றையும் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அத்துடன் சாதிக் கொடுமையும் இருந்தது. கோயிலிலும் தேநீர்க்கடையிலும் எவரையும் தடுத்தல் குற்றம் என்று 1957இல் சட்டம் வந்த பின்னும் கதவுகள் திறக்கவில்லை. 1966இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்களும், தேநீர்க்கடை வாசலிலும் 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலும் நின்றவர்களும், தம்மோடு நின்றவர்களை மறக்கவில்லை. உறுவன்வெல்லைக்குப் பருப்பு, இவர்களுக்குத் திறவாத கதவு.

எனினும் வடக்கு இடதுசாரி நாடாகவில்லை. 1956 யூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அன்று இடதுசாரிகள் அதனை எதிர்த்து வாக்களித்தனர். கந்தையாவும் எதிர்த்துப் பேசினார். ஆனால் மொழி போன வீட்டில், கூலியையும் நிலத்தையும் பற்றிய பேச்சு இரண்டாம் பேச்சாயிற்று. 1960இல் பருத்தித்துறை தமிழரசுக் கட்சியிடம் சென்றது. 1964இல் சமசமாசிகள் அரசாங்கத்திற் சேர்ந்தனர். சிங்களத்தை அரசகரும மொழியாகவும் பௌத்தத்தை முதன்மை இடத்திலும் வைத்த 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைந்த மந்திரி, 1956இல் அதே சட்டத்தை வன்மையாகக் கண்டித்த கொல்வின் ஆர். த சில்வாவே. இடப்பக்கம் சாய விரும்பிய தமிழனுக்குச் சாய்வதற்குச் சுவர் இல்லாமற் போயிற்று. வேறு பிரிவு ஒன்று பெரிதாகத் திறந்துகொள்ளும்போது இடம், வலம் என்ற பிரிவு மூடிக்கொள்ளும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

2024ஆம் ஆண்டு நிகழ்ந்ததை இதனோடு சேர்த்துப் பார்த்து, 'வடக்கு இடதுசாரியாகிவிட்டது' என்று சிலர் எழுதினர். செப்டெம்பர் மாத சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நான்காம் இடத்தில் இருந்த தேசிய மக்கள் சக்தி, நவம்பர் மாதப் பொதுத் தேர்தலில் முதலிடம் பெற்று, ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்துக்கொண்டது உண்மையே. ஆயினும் எட்டு வாரத்தில் வருவது வாக்கு, சாய்வு அன்று. அந்த வாக்கு சாய்வாக இறுகுமா என்பது, மார்க்சைப் பற்றி யார் என்ன சொன்னார் என்பதில் இல்லை. படலையைத் திறந்துகொண்டு யார் எப்போது வந்தார் என்பதில் இருக்கிறது.

இத்தனையையும் பையனுக்கு ஒரே மாலையிற் சொல்லி முடிக்க இயலவில்லை. "வீட்டுக்குப் போய் உன் தாத்தா எந்தப் பக்கம் போட்டார், ஏன் போட்டார் என்று அப்பாச்சியிடம் கேட்டுக்கொண்டு வா" என்று அனுப்பினேன். அவர்கள் வடமராட்சியிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்பாச்சிக்கு இப்பொழுது வயது எண்பத்தெட்டு, ஞாபகம் கூர்மை.

மறுநாட் காலையிலே பையன் ஓடி வந்தான். தாத்தா 1956இல் கந்தையாவுக்குத்தான் போட்டாராம்! தகப்பனாருக்கே அது தெரியாதாம். "ஏன் போட்டாராம்?" என்றேன். "கொத்தரிசி எழுபது சதம் விற்ற வருடம் கடன்பட்டுத்தான் சாப்பிட்டார்களாம், மாமா. அதை மனத்தில் வைத்துக்கொண்டு போட்டாராம். அறுபதாம் ஆண்டு போடவில்லையாம். வலப்பக்கம் போனது அதற்கும் பிறகுதானாம். ஏன் என்று அப்பாச்சிக்கும் தெரியவில்லை."

"அப்பாச்சி யாருக்குப் போட்டாவாம்?"

அவன் சிரித்தான். "அதையும் கேட்டேன். 'அறுபதிலே இரண்டு தரம் தேர்தல் வந்தது. இரண்டு தரமும் அவர் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டனான். அறுபத்தைந்திலே அவர் சொன்னவர்தான். நான் எதுக்குப் போட்டனான் எண்டு அவர் கேக்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை' என்றா. இப்பொழுதும் சொல்கிறா இல்லை."